அடுத்தவர் நிரப்பிய தோட்டா

பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமாகி மூணு மாசம் கழிச்சு, அவரோட மனைவி ஒருநாள் கூப்பிட்டாங்க. "பேஸ்மென்ட்ல அவர் மேஜை அப்படியே கிடக்கு. நீதான் அவரோட அங்கே உக்காந்து பேசிட்டிருப்பே. அந்த டப்பாவெல்லாம் என்னன்னு பாத்துச் சொல்றியா?"

போனேன். மேஜை மேல ஒரு பழைய தராசு, மேஜையோட திருகி வச்ச ஒரு இரும்பு பிரஸ், பித்தளைக் கூடுகள் நிறைஞ்ச காப்பி டின்னுங்க. பூட்டின அலமாரியில அவரோட தாத்தா 1920கள்ல வாங்கின மௌசர் வேட்டை ரைஃபிள். மூணு பிளாஸ்டிக் பெட்டி நிறைய அவர் கையால நிரப்பின தோட்டாக்கள். ஓரமா, லேபிள் இல்லாத கண்ணாடி ஜாடி ஒண்ணு. அதுல பாதி அளவுக்கு பென்சில் முனையைப் பொடிப்பொடியா நறுக்கின மாதிரி வெடிமருந்து.

அந்த ஜாடிக்கும் பெட்டிகளுக்கும் என்ன ஆச்சுங்கிறதைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த மேஜைக்குப் பின்னாடி இருக்குற நூத்தைம்பது வருஷக் கதையைச் சொல்லணும். மினசோட்டா குளிர்காலத்துல வெளிய போக வழியில்லாம, நாலஞ்சு வருஷம் அவர்கிட்ட கேட்டதும், அதனால வந்த ஆர்வத்துல நானா தேடிப் படிச்சதும்தான் இந்தப் பதிவு.

(டிஸ்கி: இது சமையல் குறிப்பு இல்லை. எத்தனை கிரெயின் மருந்து போடணும்னு ஒரு எண்கூட இதுல வராது. நம்ம ஊர்ல 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையும் கிடையாது. நான் கறி தின்பேன். ஆனா ஒரு முயலைக்கூட சுட்டதில்லை. ஆட்டோ அனுப்ப வேண்டாம் :-))

தாழ்ப்பாள் போட்ட துப்பாக்கி

போல்ட் ஆக்‌ஷன்னா பெரிய மர்மம் எதுவும் இல்லை. நம்ம வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள்தான். கைப்பிடியைத் தூக்கி, பின்னால இழுத்தா குழலோட பின்பக்கம் திறக்கும். முன்னால தள்ளிக் கீழே மடக்கினா பூட்டிக்கும். இந்த யோசனையை முதல்ல பெரிய அளவுல பயன்படுத்தினது பிரஷ்யாக்காரங்க. 1841-ல டிரைஸ் ஊசித் துப்பாக்கியை ராணுவத்துக்கு ஏத்துக்கிட்டாங்க. ஆனா தாழ்ப்பாளைச் சரியாப் போடக் கத்துக் கொடுத்தது தென்ஜெர்மனியில நெக்கார் ஆத்தங்கரை ஊரான ஓபர்ன்டார்ஃபைச் சேர்ந்த மௌசர் அண்ணன் தம்பிங்கதான். அப்பா துப்பாக்கி செய்யுறவர். அண்ணன் வில்ஹெல்முக்கு வியாபாரம் பேசுற வாய், தம்பி பவுலுக்குக் கை. 1871-ல அவங்க ரைஃபிளை ஜெர்மன் பேரரசு ஏத்துக்கிச்சு. அண்ணன் 1882-லயே இறந்துட்டார். தம்பி விடாம நோண்டிக்கிட்டே இருந்து 1889 பெல்ஜியம் மாடல், 1893 ஸ்பானிய மாடல்னு போய், கடைசியா 1898-ல ஒரு வடிவத்துக்கு வந்து சேர்ந்தார். இன்னிக்கும் உலகத்துல விற்கிற வேட்டை ரைஃபிள்கள்ல பாதிக்கு மேல ஏதோ ஒரு வகையில அந்த 98-க்குப் பேரப்புள்ளைங்கன்னு பெரியவர் சொல்வார். கணக்கு எடுத்துச் சொன்னாரா தெரியாது, ஆனா ரொம்பத் தப்பா இருக்காது.

அந்த 98-ல என்ன விசேஷம்? முன்னாடி ரெண்டு பூட்டுக்காது, பின்னாடி பாதுகாப்புக்கு மூணாவது ஒண்ணு. தோட்டா மேகஸினை விட்டு மேல வந்த உடனே ஒரு நீளமான கொக்கி அதோட அடிவிளிம்பைக் கவ்விக்கும், வெளிய தூக்கிப் போடுற வரைக்கும் விடாது. துப்பாக்கியைத் தலைகீழாப் பிடிச்சாலும் தோட்டா நழுவாது. எதிர்ல புலி வரும்போது இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொண்ணும் உண்டு. தோட்டாவோட அடிப்பாகம் கிழிஞ்சு நெருப்புப் புகை பின்னால வந்தா, அது சுடுறவன் கண்ணுக்குள்ள போகாம இருக்க போல்ட்ல ரெண்டு துளை போட்டு இடதுபக்கமாத் திருப்பி விட்டார். மிச்சத்தைத் தடுக்க போல்ட்டோட பின்முனையில ஒரு அகலமான தட்டு. பவுல் மௌசருக்கு ஒரு கண் போனது உண்மை. அதனாலதான் இந்த ஏற்பாடுன்னு நிறையப் பேர் எழுதுறாங்க. ஆனா அவர் கண் போனது 1901-ல, தானியங்கி ரைஃபிள் ஒண்ணைச் சோதிக்கும்போது. 98 வந்து மூணு வருஷம் கழிச்சு! தன் கண்ணைப் பறிகொடுக்கறதுக்கு முன்னாடியே அடுத்தவன் கண்ணைப் பத்தி யோசிச்ச மனுஷன். இந்தக் கண் விஷயத்தை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

ஏழு மில்லிமீட்டர்

பெரியவரோட ரைஃபிள் 7×57 ரகம். அதாவது குண்டோட விட்டம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர், பித்தளைக் கூட்டோட நீளம் 57 மில்லிமீட்டர். 1892-ல பிறந்த தோட்டா. 1898 ஜூலை 1-ஆம் தேதி கியூபாவில சான் ஹுவான் குன்றுல சில நூறு ஸ்பானிய வீரர்கள் இந்தத் தோட்டாவை வச்சுக்கிட்டுத் தங்களைவிடப் பல மடங்கு பெரிய அமெரிக்கப் படையை மணிக்கணக்கா நிறுத்தி வச்சாங்க. அன்னிக்கு ஒரே நாள்ல அமெரிக்கத் தரப்புல செத்தவங்களும் காயம்பட்டவங்களும் ஆயிரத்துக்கு மேல. அவங்க கையில இருந்த கிராக் ரைஃபிள்ல தோட்டாவை ஒவ்வொண்ணாத்தான் போடணும். ஸ்பானியர்களோ அஞ்சு தோட்டா செருகின கிளிப்பை வச்சு ஒரே அமுக்குல அஞ்சையும் உள்ளே தள்ளிடுவாங்க. குன்றை ஜெயிச்ச அமெரிக்கா ஊருக்கு வந்ததும் மௌசரைப் பாத்து 1903 ஸ்பிரிங்ஃபீல்டைச் செஞ்சுது. காப்புரிமைக்காக மௌசர் கம்பெனிக்கு ரெண்டு லட்சம் டாலர் வரைக்கும் கட்ட வேண்டி வந்தது தனிக்கதை.

அடுத்த வருஷமே தென்னாப்பிரிக்காவில போயர் யுத்தம். போயர் விவசாயிங்க கையிலயும் இதே 7 மில்லிமீட்டர் மௌசர்தான். நம்ம ஆளுங்களுக்கு இங்கே ஒரு சம்பந்தம் உண்டு. 1900 ஜனவரியில ஸ்பியான் காப் மலைச் சண்டையில காயம்பட்ட ஆங்கிலேயர்களைத் தூளியில சுமந்தது காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படை. சுமார் 1,100 பேர்; அதுல பெரும்பகுதி நேட்டால் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். நேட்டால் கூலிகள்ல தமிழர்கள் எவ்வளவு பேர்னு உங்களுக்கே தெரியும். மௌசர் குண்டு பாய்ஞ்ச உடம்பை மைல் கணக்கா சுமந்தவங்க நம்ம ஊர்க்காரங்க.

போர் முடிஞ்சதும் அதே தோட்டா வேட்டைக்குப் போச்சு. லண்டன்ல மௌசருக்கு ஏஜென்டா இருந்த ரிக்பி கம்பெனி, மில்லிமீட்டர் கணக்கு ஆங்கிலேயனுக்குப் பிடிக்காதுன்னு இதை '.275 ரிக்பி'ன்னு பேர் மாத்தி வித்துது. பழைய கள்ளு, புதுப் பானை. அப்படி ஒரு .275-ஐத்தான் 1907-ல சம்பாவத் புலியைக் கொன்னதுக்காக ஐக்கிய மாகாண லெஃப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹெவெட், ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக் கொடுத்தார். 1926-ல ருத்ரப்ரயாக் சிறுத்தை விழுந்தது அதே ரைஃபிள்ல. 1930-ல சௌகர் புலியை, இடது கையில பறவை முட்டைகளை வச்சுக்கிட்டு, வலது ஒத்தைக் கையால சுட்டதும் அதேதான். எடை குறைவு, உதை குறைவு. கார்பெட்டுக்கு அப்புறம் அவரோட பதிப்பாளரான ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்துக்கிட்ட இருந்த அந்த ரைஃபிளை 2015-ல ரிக்பி கம்பெனியே திரும்ப வாங்கிக்கிச்சு.

ஆப்பிரிக்காவில பெல்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர். ஆயிரத்துக்கு மேல யானையைக் கொன்னவர், அதுல பெரும்பகுதி இந்தச் சின்னத் தோட்டாவால. இன்னிக்குப் படிச்சா வயித்தைப் பிசையுது. ஆனா நம்ம விஷயத்துக்கு வேண்டிய ஒரு தகவல் அவர்கிட்ட இருக்கு. வேற ஒரு ரகத் தோட்டா பிடிச்சிருந்தும், அது சில சமயம் வெடிக்காம ஏமாத்தினதால அதை விட்டுட்டு ஜெர்மன்ல செஞ்ச 7 மில்லிமீட்டருக்குத் திரும்பிட்டார். துப்பாக்கி எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும், அதுக்குள்ள போற தோட்டாவை யார் நிரப்பினாங்கங்கிறதுதான் கடைசிக் கேள்வி.

கூடு திரும்ப வரும்

ஒரு தோட்டாவுல நாலு சாமான். பித்தளைக் கூடு, அதோட அடியில நெருப்புப் பொறி கொடுக்குற ப்ரைமர், உள்ளே மருந்து, முன்னால குண்டு. சுட்டதும் மூணு போயிடும். கூடு மட்டும் மிஞ்சும், செலவுல பெரிய பங்கும் அதுக்குத்தான். அதைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? 1870கள்ல அமெரிக்கப் புல்வெளியில எருமை வேட்டைக்காரங்க ராத்திரி நெருப்புப் பக்கத்துல உக்காந்து ஈயம் உருக்கிக் குண்டு வார்த்து, பகல்ல சுட்ட கூடுகளைத் திரும்ப நிரப்புவாங்க. கடை நூறு மைலுக்கு அப்பால. 1884-ல ஜான் பார்லோங்கிறவர் 'ஐடியல்'னு ஒரு கம்பெனி தொடங்கி, கைக்கு அடக்கமா இடுக்கி மாதிரி ஒரு கருவி வித்தார். வீட்டுல நிரப்புற பழக்கம் அப்படித்தான் பரவிச்சு.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. ப்ரைமர்ல ரெண்டு சாதி. ஒண்ணைக் கண்டுபிடிச்சவர் பெர்டன், அமெரிக்கர். இன்னொண்ணு பாக்ஸர், ஆங்கிலேயர். ரெண்டும் 1860கள்ல வந்தது. ஆனா அமெரிக்கரோட பெர்டனை ஐரோப்பா எடுத்துக்கிச்சு, ஆங்கிலேயரோட பாக்ஸரை அமெரிக்கா எடுத்துக்கிச்சு. மருமகள் மாத்திக்கிட்ட கதை! பாக்ஸர் கூட்டுல நடுவுல ஒரே துளை. ஒரு ஊசியை உள்ளே விட்டுத் தட்டினா பழைய ப்ரைமர் விழுந்துடும். பெர்டன்ல ஓரமா ரெண்டு துளை. ஊசி நுழையாது. அமெரிக்காவில ஒவ்வொரு பேஸ்மென்ட்லயும் இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்ததுக்கும், மத்த நாடுகள்ல அவ்வளவு வளராததுக்கும் இந்த ஒத்தைத் துளையும் ஒரு காரணம்.

பெரிய அலை வந்தது ரெண்டாம் உலகப்போர் சமயத்துல. கலிஃபோர்னியாவில ஃப்ரெட் ஹன்டிங்டன்னு ஒருத்தர், குண்டு கிடைக்காத 1943-ல, சுட்டுப்போட்ட .22 கூடுகளையே நசுக்கிக் குண்டுக்கு மேலுறை ஆக்குற அச்சு செஞ்சார். இன்னிக்கு உலகம் பூரா தெரிஞ்ச ஆர்சிபிஎஸ் கம்பெனி அதுல இருந்து வந்தது. போர் முடிஞ்சதும் அரசாங்கத்துக்கிட்ட மலையா குவிஞ்ச உபரி மருந்தை கான்சஸ்ல புரூஸ் ஹாட்ஜ்டன்கிறவர் வாங்கி, விளம்பரம் கொடுத்து, தபால்ல ஆர்டர் எடுத்து வித்தார். 1946-ல கனடாவில கடமான் வேட்டைக்குப் போன ஜான் நாஸ்லரோட குண்டு, சேறு அப்பின தோல்ல பட்டு உள்ளே போகாமலே சிதறிடுச்சு. அந்த வெறுப்புல நடுவுல ஒரு தடுப்புச் சுவர் வச்ச குண்டைக் கண்டுபிடிச்சார். 1958-ல ரிச்சர்ட் லீ, பிரஸ் எதுவும் இல்லாம சின்னச் சுத்தியலால தட்டியே நிரப்புற ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். பெரியவர் பதினாலு வயசுல ஆரம்பிச்சது அந்தப் பெட்டியிலதானாம்.

பழைய மௌசர் வச்சிருக்கிறவனுக்கு இது ஆசை மட்டும் இல்லை, தேவையும்கூட. 7×57 எல்லாக் கடையிலயும் கிடைக்காது. கிடைச்சாலும் அமெரிக்கக் கம்பெனிகள் அதைக் கொஞ்சம் மெதுவாத்தான் நிரப்பும். ஏன்னா 98-ஐவிட பலம் குறைஞ்ச 1893 மாடல் துப்பாக்கிகள் இன்னும் யார் வீட்டு அட்டத்துல கிடக்குதோ, யார் அதுல போட்டுச் சுடப்போறாங்களோங்கிற பயம்.

ஒரு சாம்ராஜ்யத்தோட பயம்

பயம்னதும் ஞாபகம் வருது. திரும்ப நிரப்புற தோட்டாவுக்கு பிரிட்டிஷ் சாம்ராஜ்யமே பயந்திருக்கு. வடமேற்கு எல்லையில பட்டாணியர்கள் கையில பழைய மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்கள் நிறைய இருந்தது. அதோட துளை .450. வெள்ளைக்கார வேட்டைக்காரங்களோட யானைத் துப்பாக்கியும் .450. வேட்டைத் தோட்டாவுல இருந்து குண்டைப் பிடுங்கி மார்ட்டினி கூட்டுல நிரப்பினா என்ன ஆகும்? 1907 வாக்குல இந்தியாவில .450 வேட்டை ரகங்களுக்கே தடை போட்டாங்க. லண்டன் கம்பெனிகள் அவசர அவசரமா .465, .470னு புதுசு புதுசா அளவு கண்டுபிடிச்சது அதனாலதான். ஆப்பிரிக்க யானைத் துப்பாக்கிகளோட வினோதமான எண்களுக்குக் காரணம் கைபர் கணவாயில ஒரு ஆள் குத்தவச்சுக் கூடு நிரப்பினது!

அந்தப் பயத்தோட வால் சுதந்திரத்துக்கு அப்புறமும் அறுந்து போகலை. ராணுவ ரகமான .303 பொதுஜனத்துக்குக் கூடாதுன்னு, ஆஸ்திரியாவோட பழைய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவுக்கு ஏத்த மாதிரி, .315ங்கிற பேர்ல இஷாப்பூர் தொழிற்சாலையில போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் செஞ்சாங்க. வட இந்தியாவில பேங்க் வாசல்ல காவலாளி தோள்ல தொங்குறது பல சமயம் அதுதான்.

அருவங்காடு

சின்ன வயசுல ஊட்டி மலை ரயில்ல போகும்போது வெல்லிங்டனுக்கு அடுத்து அருவங்காடு ஸ்டேஷன் வரும். 'கார்டைட் ஃபேக்டரி'ன்னு பெரியவங்க சொல்வாங்க. கார்டைட்டுன்னா ஏதோ ஊர் பேருன்னு நெனச்சிருந்தேன். அது 1889-ல இங்கிலாந்துல கண்டுபிடிச்ச புகையில்லா வெடிமருந்தோட பேர்னு மினசோட்டா பேஸ்மென்ட்ல உக்காந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் சேத்துப் பிசைஞ்சு, கூட வேஸலின் போட்டு, இடியாப்பம் மாதிரி பிழிஞ்சு எடுப்பாங்க. கயிறு மாதிரி இருக்கிறதால கார்டைட். 1903-ல தொடங்கின அருவங்காடு தொழிற்சாலை, இந்தியாவில இருந்த பிரிட்டிஷ் படைக்காக அதைப் பிழிஞ்சுது.

கார்டைட்டுல ரெண்டு தொல்லை. ஒண்ணு, ரொம்பச் சூடா எரியும், குழலை அரிக்கும். நைட்ரோகிளிசரின் 58 சதவீதமா இருந்ததை 1901-ல 30 ஆக் குறைச்சது அதனாலதான். ரெண்டாவது, வெயில்ல அழுத்தம் ஏறும். லண்டன் குளிர்ல சாதுவா இருந்த தோட்டா, மே மாச மத்திய இந்தியாவில கூடு குழலுக்குள்ளேயே ஒட்டிக்கிற அளவுக்கு முரண்டு பண்ணும். 1911-ல ரிக்பி தன்னோட .416-க்கு அவ்வளவு பெரிய கூடு வச்சதுக்குக் காரணம் நம்ம மாதிரி நாடுகளோட வெயில்தான். இடம் தாராளமா இருந்தா அழுத்தம் குறையும். இன்னொரு விஷயம்: இந்த இடியாப்பத்தைக் குறுகின கழுத்து வழியா உள்ளே திணிக்க முடியாது. அதனால .303 செய்யும்போது கூடு நேரா இருக்கும்போதே கார்டைட் கட்டை உள்ளே வச்சுட்டு, அப்புறம்தான் கழுத்தை நெரிப்பாங்க. வீட்டுல செய்யுற வேலையா அது? எருமை வேட்டைக்காரனோட ஜனநாயகம் இந்தியாவுக்கு வராததுக்கு இதுவும் ஒரு தடை.

பித்தளைக்கும் இந்தியாவில ஒரு பாடம் நடந்திருக்கு. மழைக்காலத்துல குதிரை லாயத்துல வச்ச தோட்டாக்களோட கூடுகள் தானா விரிசல் விட்டுச்சு. குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அம்மோனியாவும், கூடு செய்யும்போது உள்ளே தங்கிப்போன இழுவிசையும் சேர்ந்துதான் காரணம்னு 1921-ல மூணு ஆங்கில ஆய்வாளர்கள் விளக்கினாங்க. மருந்து: இளக்கறது. பித்தளையைச் சூடு பண்ணினா உள்ளே இருக்குற இறுக்கம் போயிடும். பெரியவரும் அஞ்சாறு தடவை சுட்ட கூடுகளோட கழுத்தை கேஸ் தீயில காட்டித் தண்ணியில போடுவார். இரும்பைச் சுட்டுத் தண்ணியில போட்டா இறுகும், பித்தளை அப்படி இறுகாது. நம்ம பாத்திரக்காரங்களுக்கு இது ரொம்பக் காலமாத் தெரியும்.

துருவும் வெந்நீரும்

"நூறு வருஷத் துப்பாக்கியோட குழல் இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கே, எப்படி?"ன்னு ஒருதரம் கேட்டேன். "எங்க தாத்தா ஒரு கெட்டில் தண்ணி கொதிக்க வைப்பார்"னார்.

அந்தக் காலத்து ப்ரைமர்ல பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடிச்சதும் அது பொட்டாசியம் குளோரைடு ஆகும், கிட்டத்தட்ட நம்ம சமையல் உப்போட தம்பி. குழல் உள்ளே உப்புப் படலம். காத்துல இருக்குற ஈரத்தை அது உறிஞ்சும், துரு பிடிக்கும். வேட்டைக்காரங்க எண்ணெயை ஊத்தித் தேய்ச்சாங்க. ஆனா உப்பு எண்ணெயில கரையாதே! அப்புறமும் துரு. மருந்து சரியில்லைன்னு திட்டினாங்க. 1920கள்லதான் குற்றவாளி ப்ரைமர் உப்புன்னு சோதனைகள் உறுதி பண்ணுச்சு. வெந்நீர் ஊத்தி உப்பைக் கரைச்சு, துடைச்சுக் காயவச்சு, அப்புறம் எண்ணெய் பூசணும். அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள ஜெர்மனியிலயும் அமெரிக்காவிலயும் துருப்பிடிக்காத ப்ரைமர் வந்துடுச்சு. அந்தத் தாத்தா ஆய்வு எதையும் படிக்கலை. கருமருந்துத் துப்பாக்கியைத் தன் அப்பா வெந்நீர் விட்டுக் கழுவுறதைப் பாத்தவர், அவ்வளவுதான். பழக்கம் சில சமயம் விஞ்ஞானத்துக்கு முன்னாடி போய் உக்காந்துக்கும்.

ஒரே ஒரு டப்பா

பெரியவர் நிரப்பும்போது ரேடியோ கிடையாது, பேச்சு கிடையாது. நான் ஸ்டூல்ல வாயை மூடிட்டு உக்காரணும். தராசுல மருந்தை கிரெயின் கணக்குல நிறுப்பார். நம்ம ஊர்த் தட்டாசாரி குன்றிமணி வச்சு நிறுத்த அதே கவனம். ஒரு குன்றிமணி ஏறக்குறைய ரெண்டு கிரெயின். அம்பது கூட்டுலயும் மருந்து போட்ட அப்புறம் டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா எட்டிப் பாப்பார், எல்லாத்துலயும் ஒரே மட்டத்துல இருக்கான்னு. மேஜை மேல எப்பவும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். வேலை முடிஞ்சதும் அந்த டப்பா அலமாரிக்குப் போனாத்தான் அடுத்தது வெளிய வரும்.

"ஏன் இவ்வளவு கெடுபிடி?"ன்னு கேட்டதுக்கு, அவரோட கல்யாணத்துக்கு முந்தின கதையைச் சொன்னார். ஒரு ராத்திரி ரெண்டு டப்பா மேஜையில திறந்து இருந்தது. ஒண்ணு ரைஃபிளுக்கான மெதுவா எரியுற மருந்து. இன்னொண்ணு கைத்துப்பாக்கிக்கான வேகமா எரியுறது. பாக்கறதுக்கு ரெண்டும் கருப்புதான். மறுநாள் மூணாவது தோட்டாவைச் சுட்டப்ப வழக்கமில்லாத சத்தம். இடது பக்கமாப் புகை பீய்ச்சி அடிச்சிருக்கு. போல்ட் திறக்கவே இல்லை. மரச் சுத்தியலால தட்டித் திறந்தா கூட்டோட அடி உருகி ஒட்டியிருக்கு. "யார் மேலயும் பழி இல்லை, என் கைதான்"னார். "அன்னிக்கு என் கண்ணைக் காப்பாத்தினது ஒத்தைக் கண்ணு ஜெர்மன்காரர்." போல்ட்ல இருக்குற ரெண்டு துளையைத் தொட்டுக் காட்டினார்.

அன்னிக்குத்தான் இன்னொரு விதியையும் சொன்னார். இந்தத் தொழில்ல முதல் விதியே அதுதானாம். அடுத்தவர் நிரப்பிய தோட்டாவைச் சுடாதே. உன் அண்ணன் நிரப்பினதா இருந்தாலும் சரி, உன் அப்பா நிரப்பினதா இருந்தாலும் சரி. எந்த ராத்திரி எந்த டப்பா திறந்திருந்ததுன்னு நிரப்பினவனுக்கு மட்டும்தான் தெரியும். அதோட, ஒரு துப்பாக்கியில சுட்ட கூடு அந்தத் துப்பாக்கியோட அறைக்கு ஏத்த மாதிரி விரிஞ்சு, அதோட அச்சாவே மாறிடும். கழுத்தை மட்டும் சின்னதாக்கி நிரப்பினா அது அந்த ஒரு ரைஃபிளுக்கு மட்டும் தைச்ச சட்டை.

மிச்சம்

இப்ப அந்த அம்மாவோட கேள்விக்கு வர்றேன். மூணு பெட்டி, நூத்துச் சொச்சம் தோட்டா. ஒவ்வொரு பெட்டியிலயும் அவர் கையெழுத்துல தேதி, மருந்தோட பேர், அளவு, குண்டு எடை, 'நல்லா போகுது' மாதிரி குறிப்பு. ஒரு பெட்டியில 'பேரனுக்கு, முதல் மான்'னு எழுதியிருந்தார். அதைப் பாத்ததும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசலை. பேரனுக்குப் பதினாறு வயசு. ரைஃபிள் அவனுக்குத்தான்னு ஏற்கெனவே முடிவு. "இந்தப் பெட்டியையாவது அவன்கிட்ட கொடுத்துடலாமா? அவர் அவனுக்குன்னே செஞ்சது"ன்னு கேட்டாங்க.

நான் யாரு அவங்களுக்கு? பக்கத்து வீட்டு வெளிநாட்டுக்காரன். சுடத் தெரியாதவன். ஆனா அந்த ஸ்டூல்ல உக்காந்து விதியைக் கேட்டவன் நான் மட்டும்தான். அவரோட கடைசி ரெண்டு வருஷம் கை நடுங்க ஆரம்பிச்சதும் தெரியும். ஒருநாள் ஒரே கூட்டுக்கு ரெண்டு தரம் மருந்து ஊத்தப் போய், அவரே கண்டுபிடிச்சு, எல்லாத்தையும் கொட்டிட்டு விளக்கை அணைச்சதையும் பாத்திருக்கேன். அந்தப் பெட்டியோட தேதி அதுக்கு அப்புறம்.

"வேண்டாம்னு அவரே சொல்லுவார்"னேன். சொல்லும்போது தொண்டை அடைச்சுது. ஒரு கிழவர் பேரனுக்குன்னு எழுதி வச்ச பாசத்தை ஆபத்துன்னு சொல்ற மாதிரி இருந்தது. அந்த அம்மா என் முகத்தையே பாத்துட்டு, "அந்த ராத்திரி மேலே வந்து அவர் என்கிட்டயும் சொன்னார்"னாங்க. அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை பேரன் வந்தான். அவர் போய்ட்டு வந்துட்டிருந்த கிளப்புல இருந்து அனுபவசாலி ஒருத்தரும் வந்தார். சுத்தியல் மாதிரி ஒரு கருவி இருக்கு. தோட்டாவை அதுக்குள்ள செருகி மரக்கட்டை மேல ஓங்கித் தட்டினா, குண்டும் மருந்தும் கழண்டு வந்துடும். நூத்துச் சொச்சம் தோட்டாவையும் பேரனே தட்டினான், அந்தக் கிளப்காரர் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டார். மத்தியானம் ஆயிடுச்சு. 'முதல் மான்' பெட்டியில எல்லாமே சரியான அளவுதானா, இல்லையான்னு யாரும் நிறுத்துப் பாக்கலை. நானும் கேக்கலை. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

மருந்தையும், லேபிள் இல்லாத ஜாடியில இருந்ததையும் தோட்டத்துல மெலிசாத் தூவிட்டோம். புகையில்லா மருந்துல நைட்ரஜன் இருக்கு, செடிக்கு உரம். இது கம்பெனிகளே சொல்ற வழிதான். குண்டும் கூடும் பேரனுக்குப் போச்சு. கூடுகள் தாத்தாவோட துப்பாக்கி அறையோட அச்சு. அதே துப்பாக்கி, அதனால அவனுக்குப் பொருந்தும். மருந்தை அவனே ஒருநாள் நிறுத்துப் போட்டுக்கட்டும். கிளம்பும்போது, "தாத்தா துப்பாக்கியை எப்படிக் கழுவுவார்?"னு என்கிட்டதான் கேட்டான். எனக்கே சிரிப்பு வந்துது. துடைக்கிற கம்பியை எந்தப் பக்கம் இருந்து விடணும், துணியை எப்ப மாத்தணும்னு, நீலகிரி மலையடிவாரத்துல இருந்து வந்த நான் ஒரு மினசோட்டாப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வெந்நீர்க் கதையையும் சேத்துத்தான். இப்ப வர்ற ப்ரைமருக்கு அது தேவையே இல்லை. இருந்தாலும் சொன்னேன்.

இந்த வசந்தத்துல அந்த அம்மாவோட ரோஜா வழக்கத்தைவிட நல்லாப் பூத்திருக்கு. உரமா, மழையான்னு தெரியலை.

உங்க வீட்டுலயும் தாத்தா காலத்துச் சாமான் ஏதாவது, எப்படிப் பராமரிக்கணும்னு தெரிஞ்ச கடைசி ஆளோட இருந்தா, பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துடுங்க. பின்னூட்டத்துல அதைப் பத்தி எழுதினா சந்தோஷப்படுவேன்.